பிழைத்திருத்தம்

பாட்னா, சப்ஜிபாக். பல் மருத்துவருக்கு மேல்மாடி.
'நுக்தா' என்றொரு மாத இதழ்.
மாத இதழ் என்பது அரசுப் பதிவேட்டில்;
வந்தது, அது வந்தபோது.

ஆசிரியர் சைஃப் காக்வி.
உள்ளே இருப்பதை நான் வாசித்ததில்லை, உருது வராது.
மேலே ஒட்டும் முகவரி என் வேலை.
தபால்காரருக்கும் உருது வராதே!
கயாவுக்கும் குல்பர்காவுக்கும் பிவண்டிக்கும்
நாகரியில் எழுதி வழியனுப்புவேன்.
"வெளியே போகிற பிள்ளைக்கு
இரவல் சட்டை" என்பார் அவர்.
நூறு உறைக்கு எட்டு ரூபாய்.

பசை, ஷகுஃப்தா பேகம் காய்ச்சுவது.
மைதாவும் மயில்துத்தமும்.
துத்தம் குறைந்த மாதம்
தபால் நிலைய எலிகள் சந்தாதாரர் ஆயின.

அவரும் கதை எழுதியவர்தான்.
இருபத்தாறு வயதில் ஒரு தொகுப்பு,
பிறகு ஒரு நாவல், நான்கு அத்தியாயம்வரை.
எழுபத்தைந்து வெள்ளத்தில் ஊறிப் பருத்து
மாடிக் கொடியில் பாவாடைகளோடு காய்ந்ததாம்.
ஐந்தாவது எங்கே என்று கேட்டால்
மேசைமேல் குவிந்த பிறர் கதைகளைக் காட்டுவார்:
"இதோ, எட்டாம் வரியில் ஒருத்தி அழுகிறாள்.
ஏழிலேயே அழுதிருக்க வேண்டும்.
முதலில் இவளைக் கவனிக்கிறேன்."

டாண்டாவில் ஒரு வாசகர், அப்துல் மதீன்.
விசைத்தறி ஓட்டுபவர்.
இதழுக்கு ஓர் அஞ்சலட்டை தவறாது:
சலாம் ஒரு வரி, மீதி முழுக்கப் பிழை.
பக்கம், வரி, விடுபட்ட புள்ளி.
இருபத்தொன்பது வருடம்.
கதை நன்று என்று ஒருமுறைகூட இல்லை.

காக்வி சாகிப் அதை உரக்கப் படிப்பார்,
கிழிக்கப் போவார், கிழிக்காமல்
இரும்புக் கம்பியில் குத்தி வைப்பார்.
"தறிக்காரனுக்கு என் துணியில்
அறுந்த இழை மட்டும்தான் தெரிகிறது."
அந்தக் கம்பியை வேறெவரும் தொடக்கூடாது.

பிறகு ஓர் இதழுக்கு அட்டை வரவில்லை.
தபால் துறையைத் திட்டினார்.
அடுத்த இதழ் அச்சுக்குப் போகும் முந்திய இரவு
டிரேசிங் தாளில், பிளேடு முனையால்,
மூன்று புள்ளிகளைச் சுரண்டி எடுத்தார். பார்த்தேன்.
தூண்டிலில் புழு கோப்பவர்போல் அத்தனை கவனம்.
ஒரு புள்ளி போனதில்
யாருடைய கவிதையிலோ யாரோ கெட்டுப்போக,
கவிஞர் ராஞ்சியிலிருந்து பஸ் ஏறி வந்து
கத்திவிட்டுப் போனார்.
டாண்டா வாய் திறக்கவில்லை.

ரம்ஜான் கழிந்து ஓர் உறை. நாகரி எழுத்து.
கண்புரை அறுவைக்குக் காத்திருந்தார், நான்தான் படித்தேன்:
"அப்பா மார்ச்சில் தவறிவிட்டார்.
கடைசி இதழில் ஏதோ குறித்திருந்தார், எழுதிப் போடச் சொன்னார்.
எங்களுக்கு இந்த எழுத்து வராது.
பக்கத்தையே அனுப்புகிறோம்.
சந்தா மீதி இருந்தால் பரவாயில்லை."

நாற்பத்தொன்றாம் பக்கம். சிவப்புப் பென்சில்.
மூன்றாம் வரியில் சின்ன வட்டம்.
பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்து
"ஆமாம், விட்டுவிட்டேன்" என்றார்.
இன்னொன்று, பதினேழாம் வரி முழுவதையும் சுற்றி.

அந்தப் பக்கத்துக்குச் சரக்கு போதாமல்
கொடியில் காய்ந்த நாவலிலிருந்து
ஒரு துண்டைக் கிள்ளிப்
பொய்ப் பெயரில் போட்டிருந்தார். எவருக்கும் தெரியாது.

கண்ணாடியை நகர்த்தினார். புள்ளிகளை எண்ணினார்.
என்னையும் எண்ணச் சொன்னார்.
படிக்க வராதவனுக்கும் எண்ண வருமே.
பத்தொன்பது.
அவர் கணக்கிலும் பத்தொன்பது.
கரண்ட் போயிற்று. மெழுகுவர்த்தியில் திரும்ப எண்ணினோம்.
சோறு ஆறுகிறது என்று
ஷகுஃப்தா பேகம் இரண்டுமுறை சொல்லிவிட்டுத்
தூங்கப் போனார்.

அடுத்த இதழின் கடைசிப் பக்கத்தில்
இப்படிப் போட்டதாக அவரே எனக்குச் சொன்னார்:

பக்கம் 41, வரி 3: புள்ளி விடுபட்டது. வருந்துகிறோம்.
பக்கம் 41, வரி 17: பிழை அகப்படவில்லை.
இன்னும் தேடுகிறோம்.

டாண்டா முகவரியை அடிக்கச் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.
உருது படிக்கும் ஆள் இல்லாத அந்த வீட்டுக்கும்
நாகரியில் ஓர் உறை எழுதினேன்.
நூறுக்கு எட்டு ரூபாயில்
அதுவும் சேர்த்தி.